காசிம் காக்காவின் போனும் சபியாவின் லேப்டாப்பும்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

போன வாரம் சும்மா எட்டிப் பார்க்கத்தான் கடைக்கு வந்தேன். உங்களில் ஒரு தம்பி, பெயரைச் சொல்ல மாட்டேன், ஒரு பெரியவருக்கு லேப்டாப் விற்றுக்கொண்டிருந்தார். ஜிபி என்றார், கோர் என்றார், ஜெனரேஷன் என்றார். பெரியவர் பூம்பூம் மாடு மாதிரி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். கடைசியில் "நல்லதா ஒண்ணு குடு தம்பி" என்றார். தம்பியும் எது அதிகமாக மின்னியதோ அதை எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஓய்வு பெற்றவள் கவுண்டருக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்தும் மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வேலைக்கு ஓய்வு கொடுத்தாயிற்று, வாய்க்குக் கொடுக்கவில்லை.

தொழில்நுட்பம் சொல்லித்தர எனக்கு ஆசையில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குறைந்த விலை லேப்டாப் என்றால் நான் பார்ப்பது கொஞ்சம்தான். உள்ளே பழைய சுழலும் டிஸ்க் இருந்தால் வேண்டாம், எஸ்எஸ்டி இருக்க வேண்டும். ராம் எட்டு ஜிபியாவது வேண்டும், பிறகு கூட்டிக்கொள்ள இடம் இருந்தால் நல்லது. திரையைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் எழுத்து வெளுக்கக் கூடாது. கீபோர்டில் வாடிக்கையாளரையே நாலு வரி அடிக்கச் சொல்ல வேண்டும். தொடுதிரை, சிவப்பு விளக்கு, விரல்ரேகை எல்லாம் கல்யாண வீட்டுச் சீரியல் லைட்தான். பார்க்க அழகு, விடிந்தால் அவிழ்த்துவிடுவார்கள். இவ்வளவுதான் என் படிப்பு.

மீதி எல்லாம் ஒரே கேள்வியில் இருக்கிறது. "இதை எங்கே வைத்து வேலை பார்ப்பீர்கள்?" கவுண்டரில் நின்று கேட்பதற்கு இதைவிட நல்ல கேள்வியை நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. அது எப்படி ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றியது, அதே நாளில் நான் யோசிக்காத ஒன்று எப்படி அதைக் கவிழ்க்கப் பார்த்தது என்பதைச் சொல்கிறேன்.

காயல்பட்டினத்தில் இருந்து ஆயிஷா ராத்தாவும் அவர் மகள் சபியாவும் கடைக்கு வந்தார்கள். ராத்தா என்றால் அந்த ஊரில் அக்கா. என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் அந்த ஊர்ப் பெண்களை நான் ராத்தா என்றே கூப்பிடுவேன். அவர்கள் என்னைக் கம்ப்யூட்டர் அக்கா என்பார்கள். இரண்டு பக்கமும் மரியாதை, கணக்குச் சரி.

சபியா பி.காம். முடித்த பெண். வெளியூரில் இரண்டு வேலை கிடைத்தும், தூரம் என்று வீட்டில் விடவில்லை. இப்போது சென்னையில் ஒரு கம்பெனி, வீட்டில் இருந்தே கணக்கு பார்க்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்கு ஒரு பரீட்சை. கேமரா முன்னால் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். ஒரே வாய்ப்பு, மறுபடி கிடையாது. சொந்த லேப்டாப்பும் கட்டாயம்.

"இது போச்சுன்னா அடுத்து மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருவாங்க அக்கா" என்றாள் சபியா, சிரித்துக்கொண்டே. கண் சிரிக்கவில்லை.

மூன்றாவது ஆளும் வந்திருந்தார், ராத்தாவின் கையில் இருந்த போனுக்குள். சபியாவின் அப்பா காசிம் காக்கா. காக்கா என்றால் அங்கே அண்ணன். துபாயில் ஒரு துணிக்கடையில் பல வருஷமாக இருக்கிறார். வீடியோ காலில் நம் கடையையே சுற்றிப் பார்த்தார். நம்மிடம் அப்போது ஒரு பெரிய கேம் விளையாடும் லேப்டாப் விற்காமல் கிடந்தது. கீபோர்டுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்ததும் போன் அதிர்ந்தது.

"அந்தப் பெருசு! அதக் காட்டு ஆயிஷா! எங்க கடை மேனேஜர் மகனும் அதுதான் வச்சிருக்கான்."

முதலாளி அண்ணாச்சி கல்லாவில் இருந்தே எனக்குக் கண் காட்டினார். இதைத் தள்ளிவிடு என்று அர்த்தம். வாங்குகிறவருக்கும் அதுதான் ஆசை, விற்கிறவருக்கும் அதுதான் ஆசை. இப்படி இரண்டும் கூடி வருகிற நேரத்தில்தான், தம்பிகளே, நீங்கள் ஒரு நிமிஷம் வாயை மூடி நிற்க வேண்டும். ஏனென்றால் உபயோகிக்கப் போகிறவளை இன்னும் யாரும் கேட்கவில்லை.

நான் சபியாவைக் கேட்டேன். "நீ இத எங்கன வச்சு வேலை பாப்ப?"

அவள் யோசித்தாள். "காலையில எங்க வீட்டுல. பதினோரு மணிக்கு மேல உம்மாவப் பாக்க ஆள் வருவாங்க, சத்தமா இருக்கும். அப்ப சாச்சி வீட்டுக்குப் போயிருவேன். சாயங்காலம் எங்க மாடிக்கு."

உம்மா என்றால் அம்மா, சாச்சி என்றது ராத்தாவின் தங்கையை. காயல்பட்டினத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே வீடுகளுக்குப் பின்பக்கமாக ஒடுக்கமான முடுக்குகள் ஓடும். பெண்கள் தெருவுக்கு வராமலே, முடுக்கு வழியாக இந்த வீட்டில் இருந்து அந்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு கிண்ணம் குழம்பு ஒரு வீட்டில் புறப்பட்டால் நாலு வீடு சுற்றி வேறு பலகாரமாகத் திரும்பி வரும். சபியாவின் லேப்டாப்பும் அப்படித்தான் நடக்கப் போகிறது என்று எனக்குப் புரிந்தது. நடக்கிற சாமானுக்குப் பெரிய திரை எதற்கு? அது லேசாக இருக்க வேண்டும். கரண்ட் இருக்கிற இடம் தேடி அலையாமல் நீண்ட நேரம் தாங்க வேண்டும். அந்தச் சிவப்பு விளக்குக்காரனோ செங்கல் கனம். வயரைப் பிடுங்கினால் ஒரு சினிமா முடிவதற்குள் படுத்துவிடுவான்.

நான் சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தேன். சாம்பல் நிறம், பார்த்தால் பள்ளிக்கூட ஸ்லேட்டு மாதிரி. பேட்டரி மட்டும் நல்ல உழைப்பாளி.

போனுக்குள் முகம் சுருங்கியது. "என்னம்மா இது, டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கு. வேண்டாம், நான் இங்கருந்தே பெருசா வாங்கி அனுப்புதேன்."

இது புதிதல்ல. அந்த ஊரில் பலரும் இதைத்தான் சொல்வார்கள். அங்கே வாங்கினால் கீபோர்டில் அரபி எழுத்தும் சேர்ந்து நிற்கும், பிளக் நம் சுவரில் நுழையாது. வாரண்டியும் பல நேரம் அந்த நாட்டோடு முடிந்துவிடும். கெட்டுப்போனால் விமானம் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். இதை எல்லாம் சொன்னேன். அவர் முகம் இன்னும் தொங்கிப்போனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டி முதல் கம்பளி வரை எல்லாம் அவர் கையால் வாங்கி, அவரே சுமந்து வந்தவை. மகளுக்கு வாழ்க்கையில் வேண்டிய மிக முக்கியமான சாமானை வேறு யாரோ தூத்துக்குடிக் கடையில் எடுத்துக் கொடுக்கிறார்கள். மனுஷனுக்கு எப்படி இருக்கும்? விற்பனையில் நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிற நேரத்தில் எதிரே இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். அவர் தோற்ற முகத்தோடு போனால் அந்த லேப்டாப் அந்த வீட்டில் நிம்மதியாக வேலை செய்யாது.

"காக்கா, பை மட்டும் நீங்க அனுப்புங்க. இங்க கம்பெனிக்காரன் சும்மா குடுக்கிற பை ஒரு மழைக்குத் தாங்காது. தோள்ல போடுத மாதிரி, உள்ள மெத்து வச்சது. அங்கதான் நல்லா கிடைக்கும்."

முகம் விரிந்தது. "என்ன கலர்?" என்றார். அதற்கு மேல் அரைமணி நேரம் அப்பாவும் மகளும் பையின் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். லேப்டாப்பைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அண்ணாச்சி என்னை முறைத்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

பரீட்சை அன்று காலையிலேயே காயல்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். லேப்டாப் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. துபாயில் இருந்து வந்த ஒருவர் கையில் பையும் வந்துவிட்டது. கருநீலம், திறந்தால் அத்தர் வாசம். ராத்தா லேப்டாப்பைப் பளபள பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையைப் பைக்குள் போட்டு, பையின் மேல் ஒரு துண்டையும் போர்த்தி வைத்திருந்தார். அந்த வீட்டில் டிவி ரிமோட்டுக்கும் உறை உண்டு. "ராத்தா, இதுக்கு மூச்சு முட்டும்" என்று உறையைக் கழற்றினேன். நம் கடற்கரைக் காற்றுக்குப் பயந்து பொத்திப் பொத்தி வைப்பார்கள். பொத்தி வைத்தால் உள்ளே வேர்த்து, அந்த ஈரத்தில்தான் துரு ஏறும். தினமும் எடுத்து ஓட்டுகிற லேப்டாப் உப்புக் காற்றைத் தாங்கும். மெத்தையில் வைக்கக் கூடாது, காற்றுத் துவாரத்தை அடைக்கக் கூடாது. வாடிக்கையாளரிடம் இதைத் திட்டாமல் சொல்லுங்கள். அதிகப் பாசத்தால் செத்த லேப்டாப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பரீட்சை மத்தியானம் மூன்று மணிக்கு, சாச்சி வீட்டு உள்ளறையில். அது அமைதியான அறை. முடுக்கு வழியாகச் சபியா நீலப் பையைத் தோளில் போட்டு முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் போனோம். வழியில் ஒவ்வொரு பின்வாசலிலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "பரீட்சையாமே? துஆ செய்யுதோம் புள்ள!" என்று வாழ்த்தும் வேண்டுதலும். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு வரவேற்பு இருக்காது.

நான் ஒத்திகை பார்த்தேன். இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், முக்கியமான நாளுக்கு முன்னால் எல்லாம் நன்றாக நடக்கும் ஒத்திகை ஒத்திகையே இல்லை. சபியா உட்கார்ந்திருக்கும்போதே போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். வைஃபை பெட்டி செத்தது. லேப்டாப் அணையவில்லை. ராத்தாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதை லேப்டாப்புக்கு முன்கூட்டியே பழக்கி வைத்திருந்தேன். அது தானாகவே போய் ஒட்டிக்கொண்டது. சபியாவின் போனை உபயோகிக்க முடியாது. பரீட்சை எழுதுகிறவர் தன் போனை அணைத்துக் கேமராவுக்குக் காட்டி ஓரமாக வைக்க வேண்டும் என்பது விதி. என் சிம்முக்கோ அந்தக் கனத்த சுவருக்குள் சிக்னலே இல்லை.

விதிகளில் இன்னும் இரண்டு. அறைக்குள் வேறு ஆள் நுழைந்தால் பரீட்சை ரத்து. இணைப்பு இரண்டு முறை அறுந்தால் மன்னிப்பு, மூன்றாம் முறை அறுந்தால் முடிந்தது. பேச முடியாது என்பதால் சபியாவோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். நெட் போனால் மேஜையில் ஒரு தட்டு, வந்துவிட்டால் இரண்டு தட்டு.

மூன்று மணிக்குக் கதவு சாத்தியது. நாங்கள் மூவரும் வெளிக்கூடத்தில் உட்கார்ந்தோம். ராத்தாவின் மடியில் போன். சாச்சி தட்டில் தம்மடை கொண்டு வந்து வைத்தார். அந்த ஊர்ப் பலகாரம் அது, இனிப்பு. நான் ஒரு துண்டை வாயில் போட்டேன், மின்விசிறி நின்றது.

கரண்ட் போய்விட்டது. உள்ளே இருந்து ஒரு தட்டு. ராத்தா என் கையைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டு. ஹாட்ஸ்பாட் ஒட்டிக்கொண்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா ராத்தா!" என்று இன்னொரு துண்டு தம்மடை எடுத்தேன். ஒரு மன்னிப்புப் போனது, ஒன்று மிச்சம், பேட்டரி நிறைய. வேறென்ன வேண்டும்?

ராத்தாவின் போன் அடித்தது.

"அலைக்கும் ஸலாம்! ஆமா, எழுதிக்கிட்டுதான் இருக்கா. துஆ செய்யுங்க." தெருக்கோடி வீட்டு உறவுக்காரர் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார். உள்ளே இருந்து ஒரு தட்டு.

என் தொண்டையில் தம்மடை நின்றுவிட்டது. அது பழைய போன். பேச்சு வந்தால் நெட் நின்றுவிடும், இரண்டையும் சேர்த்துச் சுமக்கத் தெரியாது. நான் பாய்ந்து அழைப்பைத் துண்டித்தேன். சிறிது நேரம் கழித்து இரண்டு தட்டு. இரண்டாவது மன்னிப்பும் தீர்ந்தது.

ஒத்திகையில் நான் கரண்ட்டைப் பார்த்தேன், பேட்டரியைப் பார்த்தேன், சிக்னலைப் பார்த்தேன். பாசத்தைப் பார்க்கவில்லை.

"ராத்தா, இன்னைக்குப் பரீட்சைன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

ராத்தா மடியில் இருந்த போனைப் பார்த்தார். "எல்லாருக்கும் தெரியும் அக்கா. சபியா வாப்பா துபாய்ல இருக்க எல்லாருக்கும் சொல்லிருக்காங்க. மூணு மணிக்குக் கூப்புட்டு வாழ்த்துங்கன்னு அவங்களே சொன்னாங்க."

அதாவது அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். அத்தனை பேருக்கும் கை ஒழிந்திருக்கும்.

அந்த நிமிஷம் என் கை என்ன செய்யத் துடித்தது தெரியுமா? உள்ளே ஓடிப் போய் வேறு போனுக்கு மாற்று என்றது. உள்ளே போனால் கேமராவில் நான் தெரிவேன், பரீட்சை ரத்து. வெளியில் இருந்தே மாற்றினால் அந்த மாற்றமே மூன்றாவது அறுப்பு. சரி, போனின் செட்டிங்கைத் திறந்து அழைப்புகளை நிறுத்தலாமா? எனக்குப் பழக்கமில்லாத பழைய போன். ஒரு பொத்தான் தவறினால் ஹாட்ஸ்பாட் போய்விடும். நமக்குத் தெரிந்த வேலை எல்லாம் அந்த நேரத்தில் ஆபத்தாக நிற்கும், தம்பிகளே. ஓடுகிற மெஷினில் கை வைக்காமல் இருப்பதற்குத்தான் அனுபவம் வேண்டியிருக்கிறது. நான் கைகளைக் கட்டிக்கொண்டு யோசித்தேன். மெஷினில் கோளாறு இல்லை. கூப்பிடப் போகிற மனிதர்களை நிறுத்தினால் போதும்.

"ராத்தா, குடும்ப குரூப்புல பேசிப் போடுங்க. மெசேஜ் போடலாம், அதுக்கு ஒண்ணும் ஆகாது."

ராத்தா போனை வாயருகில் வைத்தார். கூடத்தில் இருந்தவர் ஆயிஷா ராத்தாதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அவ்வளவு அதட்டல். "எல்லாரும் கேட்டுக்கோங்க! எனக்கு எவரும் போன் போடாதீங்க! போட்டா எம் புள்ள பரீட்சை போயிரும்! அல்லாஹ்கிட்ட மட்டும் கேளுங்க, எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க!"

சாச்சி அதற்குள் பின்வாசலில் இறங்கியிருந்தார். கனத்த உடம்புதான், ஆனால் முடுக்கில் அவர் போன வேகத்தைப் பார்த்தால் எந்த வைஃபையும் வெட்கப்படும். ஒவ்வொரு வாசலிலும் "ஆயிஷாவுக்குப் போன் போடாதீங்க ஏளா!" என்ற குரல் கேட்டு, தள்ளித் தள்ளிப் போய்த் தேய்ந்தது. அவர் நாலு வீட்டுக்குச் சொன்னால் அந்த நாலும் எட்டு வீட்டுக்குச் சொல்லும். உள்ளூர் அடங்கிவிட்டது.

குரூப்பில் ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டதற்கு அடையாளம் விழுந்தது. கட்டைவிரல், கூப்பிய கை, ஒரு மாமா ரோஜாப்பூ. ஒரே ஒரு பெயர் மட்டும் கேட்கவில்லை.

காசிம் காக்கா.

"அவங்க கேக்க மாட்டாங்க" என்றார் ராத்தா மெதுவாக. "சாப்பாட்டு நேரத்துல போனைக் கடையில சார்ஜுக்குப் போட்டுட்டு மெஸ்ஸுக்குப் போயிருவாங்க. திரும்பி வந்ததும் மெசேஜ் எதுவும் பாக்க மாட்டாங்க. முதல் வேலை எனக்குப் போன்தான். ஒரு நாள் தவறினது இல்ல."

ஒரு நாளும் தவறாத மனுஷன். எத்தனை வீட்டுப் பெண்கள் இப்படி ஒருவருக்காக ஏங்குவார்கள். அன்று நாங்கள் அவர் ஒரு நாள் தவற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சாச்சி மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் தன் போனை எடுத்துக்கொண்டு சிக்னலுக்காக மறுபடி முடுக்குக்கு ஓடினார். அவர் மகன் நூஹு, காக்கா வேலை பார்க்கிற அதே சந்தையில் இரண்டு கடை தள்ளி இருக்கிறான். வாப்பா என்றால் அப்பா, காக்காவை அவன் பெரிய வாப்பா என்பான். நான் பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏலே நூஹு, சாப்பிட்டுக்கிட்டு இருக்கியா? கைய கழுவாத, அப்படியே ஓடு. ஒங்க பெரிய வாப்பா கடையில அவங்க போன் சார்ஜுல கிடக்கும். அத எடுத்து ஒளிச்சு வச்சிரு. ஏன்னு அப்புறம் சொல்லுதேன். ஓடுலே!"

பிறகு காத்திருந்தோம். ராத்தாவின் மடியில் அந்தப் போன், நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்தபடி. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, முழித்துவிடுமோ என்று பார்ப்போமே, அப்படி. உள்ளே கீபோர்டு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு இனிமையாக எப்போதும் கேட்டதில்லை.

பின்வாசலில் வைத்திருந்த சாச்சியின் போனில் டிங் என்றது. ராத்தாவின் போனைக் கூடத்திலேயே வைத்துவிட்டு முடுக்கில் போய்ப் போட்டுக் கேட்டோம். நூஹுவின் குரல், மூச்சிரைப்பும் சிரிப்புமாக.

"உம்மா, போன் எங் கையில இருக்கு. பெரிய வாப்பா கை நீட்டி எடுக்க வந்த நேரத்துல பிடுங்கிட்டேன். இப்ப என்னையத் துரத்துதாங்க. சந்தை முழுக்க பாக்குது. ஏன்னு சீக்கிரம் சொல்லுங்க, அடி விழும் போல இருக்கு!"

சாச்சி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டார். ராத்தா சத்தம் வெளியே வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. எனக்கும் அப்படித்தான். காரணத்தைச் சொல்லி அனுப்பினோம். பதிலாகக் காக்காவின் குரல் நூஹுவின் போனில் இருந்து வந்தது, ரொம்பச் சின்னதாக. "சரி, சரி. நான் போடல. நூஹுகிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது."

பரீட்சை முடிந்து கதவு திறந்தபோது கரண்ட் இன்னும் வரவில்லை. சபியா வேர்த்து நனைந்து வந்தாள். "எழுதி முடிச்சிட்டேன்" என்றாள். அடுத்த வார்த்தை, "வாப்பா கூப்புட்டாங்களா?"

நாங்கள் மூவரும் மறுபடி சிரிக்க ஆரம்பித்தோம். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. உம்மாவின் போனை வாங்கித் தானே வீடியோ கால் போட்டாள். நூஹு எடுத்தான், போன் கை மாறியது. காக்காவின் முகம் தெரிந்தது. ஓடின வேர்வை இன்னும் காயவில்லை. அவர் ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"இப்பப் பேசலாமா மா?" என்றார்.

சபியா தலையை மட்டும் ஆட்டினாள். அவ்வளவு தூரத்தில் இருக்கிற மனுஷன் தன் மகளிடம் பேச அனுமதி கேட்கிறார், அதுவும் பயந்துகொண்டே. நான் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது, வைஃபை உயிர்த்தது, லேப்டாப்பில் மெயிலும் வந்தது. சபியா திறக்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கித் திரையைப் போனுக்கு நேராகத் திருப்பினாள். "வாப்பா, நீங்க வாசிங்க. மேல இருக்க மெயில நான் திறக்குதேன், நீங்களே பாத்துச் சொல்லுங்க."

காக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டார். துணிப்பெட்டிகளில் ஒட்டியிருக்கும் ஆங்கிலத்தைப் பல வருஷமாகப் படித்துப் பழகிய மனுஷன். ஒவ்வொரு சொல்லாக, எழுத்துக்கூட்டி வாசித்தார். நடுவில் நிறுத்தினார். மறுபடி முதலில் இருந்து வாசித்தார். தேர்வாகிவிட்டாள். அடுத்த மாதம் முதல் தேதி வேலையில் சேர வேண்டும்.

இந்தப் பக்கம் கூடத்தில் ஒரே கூச்சல். முடுக்கில் இருந்து யார் யாரோ உள்ளே வந்துவிட்டார்கள். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த வாழ்த்தெல்லாம் வந்து சாச்சியின் போன் விடாமல் அடித்தது. சாச்சி என் வாயில் தம்மடையைத் திணித்தார், இந்த முறை நிம்மதியாக விழுங்கினேன்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் காக்கா கேட்டார். "அந்தப் பொட்டியத் திருப்பிக் காட்டு மா. முழுசா பாக்குதேன்."

சபியா அதை ஒரு கையில் தூக்கிக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சின்னதாதான் இருக்கு."

"சின்னதுதான் வாப்பா" என்றாள் சபியா. "ஆனா அணையல."

அவர் நீலப் பையையும் காட்டச் சொன்னார், காட்டினாள். தோளில் போட்டுக் காட்டு என்றார், போட்டுக் காட்டினாள். கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நூஹுவைப் பார்த்து "என்னலே பாக்க, போய்ச் சாப்பிடு" என்று அதட்டினார்.

அடுத்த வாரம் அந்தத் தெருவில் இருந்து ஒரு கூட்டமே நம் கடைக்கு வந்தது. அண்ணாச்சி சிவப்பு விளக்குக்காரனை முன்னால் இழுத்து வைத்து, விளக்கையும் எரியவிட்டு, அதன் பெருமை எல்லாம் சொன்னார். ஜிபி சொன்னார், கோர் சொன்னார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு முன்னால் நின்ற அம்மா என்னைப் பார்த்து, "அக்கா, எங்களுக்கு அணையாதது குடுங்க" என்றார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன். "மொதல்ல சொல்லுங்க, அத எங்கன வச்சுப் பாப்பீங்க?" என்று ஆரம்பித்தேன்.